மார்கழியில் மலையேறிய தவிட்டுக்குருவி

மலையடிவாரத்தில் ஓர் ஏரி. ஏரிக்கரையில் ஒரு கருவேல மரம். அந்த மரத்தில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தன.

தவிட்டுக்குருவிகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா? ஏழும் சேர்ந்துதான் இரை தேடும். ஏழும் சேர்ந்துதான் குளிக்கும். ஏழும் ஒரே நேரத்தில்தான் பேசும்! அதில் யார் கேட்பது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அந்த ஏழில் கடைக்குட்டியின் பெயர் பூணி. அவளுக்கு இந்தக் கூட்டம் அலுத்துப்போயிற்று.

"ஒரு புழுவைக்கூட நிம்மதியா தின்ன முடியலை. ஆறு பேரும் என் வாயையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க! ஒரு தடவையாவது நான் தனியா எங்கேயாவது போய்ட்டு வரணும்" என்றாள் பூணி.

பெரியக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தவிட்டுக்குருவி தனியா போறதா? நம்ம வம்சத்திலேயே கிடையாது! ஊரே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள வந்துடுவேன்!"

மார்கழி பிறந்தது. வழக்கம்போல மலை உச்சியிலிருந்து ஈப்பிடிப்பான் குருவிகள் ஏரிக்கு இறங்கி வந்தன. அவற்றில் நீலன் என்றொருவன். தன் ஊர்ப் பெருமையை அவன் பேச ஆரம்பித்தால், தண்ணீரில் நிற்கும் நாரை மீனை மறந்துவிடும்.

"எங்க மலை இருக்கே! பூக்கிற காலத்துல செக்கச்செவேல்னு இருக்கும். புதருக்குப் புதர் பழம். பாறை இடுக்கெல்லாம் தண்ணி. வெயில் அடிச்சாலும் சுடாது!"

பூணி அவனை விடவில்லை. எந்த வழியாகப் போவது? எங்கே தங்குவது? பாம்பு உண்டா? பருந்து உண்டா? நீலனும் பொறுமையாகச் சொன்னான். ஓடையை ஒட்டியே ஏற வேண்டும். முதலில் மூங்கில் காடு, பிறகு சோலை, அதற்கும் மேலே புல்வெளி.

"அங்கே கூட்டம் எப்படி?"

"கூட்டமா? நாங்க எல்லாரும்தான் இங்கே இருக்கோமே! இப்போ அங்கே யாருமே இல்லை."

பூணிக்குச் சிறகு பரபரத்தது. ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டார்கள். அப்படியென்றால் அத்தனை பூவும் அத்தனை பழமும் அவள் ஒருத்திக்கே! இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

"நாளைக்கே நான் கிளம்பறேன்!"

"நாளைக்கா? கொஞ்சம் பொறு பூணி, இப்போ மேலே..."

"தெரியும், தெரியும். யாரும் இல்லை. அதுதானே எனக்கு வேணும்!"

சொல்லிவிட்டுப் பறந்தே போய்விட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. ஏழு பேர் ஒரே சமயத்தில் பேசும் வீட்டில் வளர்ந்தவளுக்கு, எதிராளி பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்?

பெரியக்கா கடைசியில் இறங்கிவந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "இந்த ஒரு தடவைதான். தோத்துப்போய்த் திரும்பி வந்தா, ஆயுசுக்கும் தனியா போறேன்னு வாய் திறக்கக் கூடாது!"

"சரி!" என்றாள் பூணி. அந்த ஒரு சொல்லில் தன் சுதந்திரம் மொத்தத்தையும் பணயம் வைத்துவிட்டாள்.

முதல் நாள் மூங்கில் காடு. ஆகா! தனியாக ஒரு புழு. தனியாக ஒரு குளியல். தனியாக ஒரு பாட்டு. "இப்படி ஒரு சுகம் இருக்கிறது இத்தனை நாளா தெரியாமப் போச்சே!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சோலை. அங்கே குளிர ஆரம்பித்தது. தேடித் தேடிப் பார்த்தும் இரண்டே பூச்சிகள்தான் கிடைத்தன.

மூன்றாம் நாள் மாலை உச்சியை எட்டினாள். பூ இல்லை. பழம் இல்லை. புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. சொன்னபடி கூட்டமும் இல்லை! காற்று ஊசியாகக் குத்தியது. வீட்டில் என்றால் ஏழு பேரும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து சூடேற்றிக்கொள்வார்கள். இங்கே இந்தப் பக்கமும் யாரும் இல்லை, அந்தப் பக்கமும் யாரும் இல்லை. பூணிக்குக் கால் மரத்துப்போயிற்று. உயிரோடு ஊர் திரும்புவோமா என்று பயம் வந்துவிட்டது.

அப்போது பாறை மேலிருந்து ஒரு வரையாடு எட்டிப் பார்த்தது. மலை உச்சியிலேயே பிறந்து வளர்ந்த காட்டாடு அது.

"யாரும்மா நீ? மலைக்காரி மாதிரி தெரியலையே!"

"சு... சுற்றுலா வந்தேன்."

"மார்கழியிலயா!" ஆடு சிரித்த சிரிப்பில் பாறையிலிருந்து இரண்டு கூழாங்கற்கள் உருண்டன. "இங்கே இருக்கிற குருவியெல்லாம் கீழே ஓடினது எதுக்குன்னு நினைச்சே? உங்க ஏரி அழகைப் பார்க்கவா? இந்தக் குளிர்ல ஒரு பூச்சி உயிரோட இருக்காது. எனக்குத் தடித்த தோல் இருக்கு, ரோமம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? வா, என் வயித்துக்கடியில ஒண்டிக்கோ!"

பூணி ஒண்டிக்கொண்டாள். பொழுது விடிந்ததும் பார்த்தால் புல்வெளி முழுக்க வெள்ளை வெளேரென்று கிடந்தது. "அரிசி மாவு!" என்று ஓடிப்போய்க் கொத்தினாள். அலகு விறைத்துப்போயிற்று.

"அது உறைபனி, பைத்தியம்!" என்றது ஆடு.

"அப்போ நான் எப்ப வரணும்?" என்று பூணி கேட்டாள். கேட்டுவிட்டு, வாழ்நாளில் முதன்முறையாக, பதில் முடியும்வரை காத்திருந்தாள்.

"பங்குனி பாதிக்கு மேல வா. பூவும் பழமும் அப்போதான். ஆனா ஆனி பிறக்கிறதுக்குள்ள இறங்கிடு. அப்புறம் மழை பிடிச்சா மாசக்கணக்குல விடாது."

பூணி தட்டுத்தடுமாறி ஏரிக்குத் திரும்பினாள். ஆறு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். "தனியா போனா இப்படித்தான்!"

"தனியா போனது தப்பில்லை, மார்கழியில போனதுதான் தப்பு. ஆனாலும் தோத்தது தோத்ததுதான். இனிமே கேட்க மாட்டேன்" என்றாள் பூணி.

"நான் சொல்லத்தானே வந்தேன்! நீ எங்கே கேட்டே?" என்றான் நீலன்.

பங்குனி வந்தது. அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. ஏரி வற்றிச் சேறு வெடித்தது. புழுக்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. தவிட்டுக்குருவிகளே பேச்சைக் குறைத்துக்கொண்டன என்றால் பஞ்சம் எப்படியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்! ஈப்பிடிப்பான்கள் ஊர் திரும்பத் தயாராயின.

பெரியக்கா இரண்டு நாள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் பூணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வழி ஞாபகம் இருக்காடி?"

"இருக்குக்கா."

"மேலே நம்ம ஏழு பேருக்கும் இரை இருக்கான்னு பார்த்துட்டு வா. எல்லாரும் கிளம்பிப் போய் ஏமாந்தா தாங்க மாட்டோம். நம்மள்ல வழி தெரிஞ்சவ நீ ஒருத்திதான்."

"தனியாவா?" என்றாள் பூணி.

"தனியாத்தான்! நான் போட்ட நிபந்தனையை நானே எடுத்துட்டேன், போ!"

இந்த முறை பூணி நீலனைப் பிடித்துக்கொண்டாள். இப்போது விடியற்காலையில் குளிர் எப்படி? சாயங்காலம் காற்று எப்படி? எந்தப் பழம் எந்த வாரம் பழுக்கும்? பதில் சொல்லிச் சொல்லி நீலனுக்கு நாக்கு வறண்டுவிட்டது. பூணி ஒரு பதிலையும் பாதியில் வெட்டவில்லை.

மூன்றாம் நாள் உச்சிக்குப் போனால், மலை பூத்துச் சிவந்து கிடந்தது! புதருக்குப் புதர் பழம். பூணி ஒரு நாள் முழுக்கப் பாறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு கொழுத்த புழுவை ஆற அமரத் தின்றாள். "இப்போதான் சரியா வந்திருக்கே!" என்று வரையாடு தலையாட்டியது.

ஆறாம் நாள் அவள் அலகில் ஒரு சிவப்பு இதழோடு ஏரிக்கு வந்தாள். மறுநாளே ஏழு பேரும் மலைக்குப் புறப்பட்டார்கள். பூணி முன்னால் பறந்து வழிகாட்டினாள்.

மூங்கில் காட்டில் இளைப்பாறும்போது பெரியக்கா கேட்டாள். "அடுத்த தடவை தனியா எங்கேடி போகப்போறே?"

"கடற்கரைக்குக்கா!"

"எந்த மாசம்?"

"அதைத்தான் முதல்ல விசாரிக்கப்போறேன்!" என்றாள் பூணி. ஏழு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

ஊர்க்காரர்களே விட்டு ஓடும் காலத்தில் ஓர் ஊருக்கு விருந்தாளியாகப் போகக் கூடாது. ஆகவே, போகும் இடத்தை விசாரிப்பவர்கள் போகும் மாதத்தையும் விசாரித்து, பதிலை முழுவதும் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும்.