பக்கக் காற்றும் கூழைக்கடாவும்

ஓர் ஏரியில் ஒரு கூழைக்கடா வாழ்ந்தது. அதற்கு அலகும் பெரிது, வாயும் பெரிது. கரையோரம் குடியிருந்த நண்டு பக்கவாட்டில் நடப்பதைக் கண்டாலே அதற்குச் சிரிப்பு வந்துவிடும்.

"மூஞ்சி ஒரு பக்கம், போறது ஒரு பக்கமா? என்னைப் பாரு. அலகு காட்டுற இடத்துக்குத்தான் நான் போவேன்" என்று சீண்டும்.

ஆடி பிறந்தது. கூழைக்கடாவின் பறக்கத் தெரியாத இரண்டு குஞ்சுகளும் கரையின் வடகோடியில் முந்தின நாளிலிருந்து பட்டினி. தாய் வாய் நிறைய மீனோடு தெற்கிலிருந்து வந்தது. கரையோ ஒரு வண்டித்தடம் அகலம்தான். இடப்பக்கம் சேறு, வலப்பக்கம் கருவேல முள்.

கூழைக்கடா அலகைக் கரைக்கு நேராக வைத்து இறங்கியது. இடப்பக்கமிருந்து வீசிய மேல்காற்று அதை முள்ளின் பக்கம் தள்ளியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், கூழைக்கடா எம்மாத்திரம்? தப்பித்து எழுந்து மறுபடி வந்தது. இந்த முறை நாலு இறகு முள்ளோடு போயிற்று. பசியில் குஞ்சுகள் கத்தியதைக் கேட்டுத் தாய் மீண்டும் மேலெழுந்து வட்டமடித்தது.

நண்டு வளையிலிருந்து தலை நீட்டியது.

"அக்கா, நீங்க விழுந்தா என் வளை மேலதான் விழுவீங்க. அதனால சொல்றேன். அலகைக் காத்து வர்ற பக்கம் திருப்புங்க. உடம்பு கோணலா இருந்தா இருக்கட்டும், போற வழி நேரா இருந்தா போதும். நான் தினம் அப்படித்தானே வீடு போய்ச் சேர்றேன்?"

பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லலாம் என்றால் வாயில் மீன். வேறு வழியில்லாமல் கூழைக்கடா அன்றுதான் முதல்முறையாக நண்டு சொன்னதைக் கேட்டது.

அலகை இடப்பக்கம் திருப்பியது. உடம்பு கோணலாக, ஆனால் கரைக்கு நேர் மேலே வந்தது. பார்க்க வெட்கமாகத்தான் இருந்தது.

"இப்போ கால்! காலைக் கரைக்கு நேரா வைங்க. கோணலா ஊன்றினா குட்டிக்கரணந்தான்" என்று நண்டு கத்தியது.

தரை தொடும் நேரத்தில் கூழைக்கடா உடம்பைத் திருப்பிக் காலை நேராக ஊன்றியது. காற்று மறுபடி அலகைப் பிடித்து இழுத்தது. அது அலகின் பின்னால் போகவில்லை. காலை மாற்றி மாற்றி அழுத்தி நடுக்கரையிலேயே ஓடியது. சிறகை விரித்து வேகத்தைக் குறைத்து, குஞ்சுகளின் முன்னால் வந்து நின்றது.

குஞ்சுகள் வயிறார உண்டன.

"அலகு காட்டுற இடத்துக்குத்தான் போவேன்னு சொன்னீங்களே அக்கா?" என்றது நண்டு.

"அது காத்து இல்லாத நாளைக்கு" என்று சொல்லிவிட்டு, கூழைக்கடா ஒரு சின்ன மீனை அதன் வளை வாசலில் வைத்தது.

குறுக்கே காற்றடித்தால் முகத்தைக் காற்றின் பக்கம் திருப்புவதில் தவறில்லை. கால் ஊன்றும்போது மட்டும் வழிக்கு நேராக ஊன்ற வேண்டும்.