முப்பத்தெட்டு நட்சத்திரங்கள்

மின்வாரியத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற இசக்கியப்ப அண்ணாச்சி, அறுபத்தொரு வயதில் ஒரு குருவைப் பிடித்தார். குருவுக்கு வயது முப்பத்திரண்டு. பெயர் பெர்னதெத். பிறவியிலேயே பார்வை கிடையாது.

கணினியில் இருக்கிற எழுத்தைத் தமிழில் வாசித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை இருபது பேர் சேர்ந்து இலவசமாகச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். அண்ணாச்சியின் மனைவி சர்க்கரையால் கண்ணை இழந்தவர். அவருக்காகத்தான் அண்ணாச்சி அந்தக் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

பேச்செல்லாம் மின்னஞ்சலில்தான். அதுவும் வெறும் எழுத்து. தடித்த எழுத்து, சிவப்பு எழுத்து ஒன்றும் போகாது. ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் அதன் முன்னும் பின்னும் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அண்ணாச்சிக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கறிவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் கிள்ளிப் போட்டார்.

அந்த வாரம் புதிய பதிப்பு வெளிவர இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அதைச் சோதித்துப் பார்த்ததில் அண்ணாச்சி ஒரு பெரிய கோளாறைக் கண்டுபிடித்தார். பதறிப்போய் ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. இரண்டாவது எழுதினார். ம்ஹூம். மூன்றாவதில் முப்பத்தெட்டு நட்சத்திரம் வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதில் வந்தது, வெளியீட்டைக் கவனிக்கிற ராஜதுரையிடமிருந்து. "அண்ணாச்சி, ஏன் இப்படிக் கத்துதீங்க?"

அவ்வளவுதான்! அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே பெர்னதெத் வீட்டுக்குப் போனார்.

"டீச்சர், நான் குழுவ விட்டுப் போறேன். போறதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இன்னும் எவ்வளவு சத்தமாச் சொன்னா உங்க காதுல விழும்?"

அவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"உக்காருங்க அண்ணாச்சி. உங்க கடிதத்தக் கேளுங்க."

கணினி வாசித்தது.

"நட்சத்திரம் மிக நட்சத்திரம் நட்சத்திரம் மிக நட்சத்திரம் நட்சத்திரம் அவசரம் நட்சத்திரம் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி நட்சத்திரம் யாராவது நட்சத்திரம்..."

அண்ணாச்சிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வேர்த்தது. வீட்டில் மனைவி கேட்பதெல்லாம் கதைப் புத்தகம். அதில் நட்சத்திரம் ஏது? குழுவில் பாதிப்பேர் காதால் வாசிக்கிறவர்கள் என்பது தெரியும். அவர்கள் காதில் இது இப்படி விழும் என்பது தெரியாது.

"போதும் டீச்சர், நிறுத்துங்க."

"முக்கியமான விஷயம் வந்துச்சா?"

"இன்னும் வரல."

"வந்து போயிட்டு அண்ணாச்சி. நீங்க எழுதினது, உங்களுக்கே கேக்கல. நான் நேத்து நாலாவது வரியிலயே தாண்டிட்டேன். அது என் தப்பு. இப்ப வாயால சொல்லுங்க."

"புதுச ஏத்துனா, அவங்கவங்க சேத்து வச்ச குறிப்பெல்லாம் அழிஞ்சிரும். எங்க வீட்டம்மா ரெண்டு வருஷமாச் சேத்து வச்சது போச்சு. நல்லவேளை, பென்டிரைவ்ல ஒரு பிரதி கிடந்துச்சு."

பெர்னதெத்தின் முகம் மாறிவிட்டது.

"மணி என்ன?"

"அஞ்சேகால்."

"ஆறு மணிக்கு நானூறு பேருக்குப் போகுது. இப்பச் சொன்னீங்கல்ல, அதையே எழுதுங்க."

அண்ணாச்சி அவளுடைய கணினியில் தன் கடிதப் பெட்டியைத் திறந்தார். இரண்டு வரி எழுதினார். கை பழக்கத்தில் நட்சத்திரத்தைத் தேடியது.

"ஒண்ணு போட்டுக்கலாமா டீச்சர்?"

"ஒரு சொல்லுக்குப் போடுங்க."

"எந்தச் சொல்லுக்கு?"

"எது காதுல விழாமப் போனா உங்களுக்குச் சோறு இறங்காதோ, அதுக்கு."

அண்ணாச்சி யோசித்தார். 'அழிந்துவிடும்' என்பதற்குப் போட்டார். அனுப்பினார்.

ஏழு நிமிஷம் ஆயிற்று. கணினி வாசித்தது. ராஜதுரைதான்.

"ஐயோ அண்ணாச்சி! வெளியீட்டை நிறுத்திவிட்டேன். முதலிலேயே கவனிக்காதது என் தவறு."

"அப்பாடா!" என்றார் அண்ணாச்சி. "வயித்துல பால வாத்தான் பய!" குழுவை விட்டுப் போகிற பேச்சு அதோடு போயிற்று.

பெர்னதெத் காபி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்ததும் அண்ணாச்சிக்கு மறுபடியும் கேள்வி முளைத்தது.

"ஆமா டீச்சர், நீங்க எத்தனை தடவ நட்சத்திரம் போட்டிருக்கீங்க?"

"ஏழு வருஷத்துல ஒரு தடவ."

"ஒண்ணுதானா! அப்படி என்ன தலைபோற காரியம்?"

"போன வருஷம் வெள்ளத்துல நானும் அம்மாவும் வீட்டுல மாட்டிக்கிட்டோம். செல்லுல சார்ஜ் ஒரு சொட்டுதான் மிச்சம். குழுவுக்கு முகவரிய மட்டும் எழுதிப் போட்டேன். அதுல 'மாடி'ங்கிற சொல்லுக்கு."

அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்தார்.

"படகு நேரா மாடி ஜன்னலுக்கு வந்துச்சு அண்ணாச்சி."