தையலி நனைத்துத் தைத்த போர்வை

ஒரு காட்டில் ஊசியே வாங்காத தையல்காரி ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு தையல்சிட்டு. பெயர் தையலி. மூக்குதான் அவளுக்கு ஊசி. இலையோடு இலையைச் சேர்த்து அவள் தைத்தால், தையல் எங்கே ஓடுகிறது என்று காற்றுக்குக்கூடத் தெரியாது.

அவளிடம் ஒரு குறை உண்டு. அவசரம். நூல் கோக்கும் முன்பே முடிச்சுப் போட்டுவிடுகிற அவசரம்.

மழை ஓய்ந்து மலையில் பனி இறங்கப் போகிற சமயம் அது. மருதாயி என்ற புள்ளிமான் தையலியின் மரத்தடிக்கு ஓடி வந்தாள். முதலில் நான்கு தும்மல் போட்டாள்.

"என்ன மருதாயி, தும்மிக் காட்டவா இவ்வளவு தூரம் வந்தாய்?"

"சிரிக்காதே அக்கா. என் குட்டி பருவம் தப்பிப் பிறந்துவிட்டது. முன்னங்காலில் வலுவே இல்லை. எழுந்து நடக்க இன்னும் பத்து நாளாவது ஆகும். நாலாம் நாள் உறைபனி விழும் என்கிறார்கள். அது தாங்காது அக்கா."

"நீ பக்கத்தில் படுத்து அணைத்துக்கொள்ளேன்."

"அது எப்படி முடியும்?" என்றாள் மருதாயி. கண்ணில் நீர் முட்டியது.

ஏன் முடியாது தெரியுமா, குழந்தைகளே? பிறந்த மான்குட்டிக்கு வாசனை அவ்வளவாக இருக்காது. புல்லுக்குள் அசையாமல் கிடந்தால் நரி ஒட்டி நடந்து போனாலும் கண்டுபிடிக்காது. குட்டிக்கு அதுதான் காவல். தாய் பக்கத்தில் படுத்தால் தாயின் வாசனை குட்டியைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் தாய்மான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு தள்ளித்தான் படுக்கும்.

"சரி, அப்படியென்றால் போர்வைதான்" என்றாள் தையலி. "நாலாம் நாள் பொழுது சாய்வதற்குள் தருகிறேன். நீ போய் மூக்கைச் சிந்து."

"சிந்தினாலும் திறக்கவில்லை அக்கா. புலி வந்து நின்றாலும் எனக்கு மணம் தெரியாது" என்று சொல்லி, இன்னொரு தும்மலோடு மருதாயி போனாள்.

துணிக்கு என்ன செய்வது? மலையடிவாரத்தில் ஆற்றங்கரைக் கோயில் ஒன்று இருந்தது. அங்கே வருகிறவர்கள் ஆற்றில் முழுகிவிட்டு, உடுத்தி வந்த பழந்துணியைக் கரையிலேயே விட்டுப் போவார்கள். அது அந்த ஊர் வழக்கம். காக்கை ஒன்று அங்கிருந்து சேலை, வேட்டி, துண்டு என்று தூக்கிக்கொண்டு வந்து போட்டது. கூடவே வாழைநாரால் கட்டிய ஒரு சின்னக் கட்டு.

பிரித்தால், அத்தனையும் வெட்டுத்துண்டுகள்! அரசிலை அகலம், எல்லாம் ஒரே அளவு. பூப்போட்டது, புள்ளி போட்டது, கட்டம் போட்டது.

"இது எங்கே கிடைத்தது?" என்றாள் தையலி.

"தையல்கடை வாசலில் கிடந்தது."

"சும்மா கிடந்ததா?"

"கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் கிடந்தது" என்று சொல்லிவிட்டுக் காக்கை பறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து ஆற்றிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. அது அலசன் என்ற நீர்நாய். கண்ணில் பட்டதையெல்லாம் கழுவுவான். கூழாங்கல்லைக் கழுவுவான், மீனைக் கழுவுவான். "மீன் தண்ணீரிலேயே தானே கிடக்கிறது?" என்று யாராவது கேட்டால், "முதுகில் அழுக்கு" என்பான்.

"தங்கச்சி! துணியா அது? கொடு கொடு, ஒரு அலசு அலசித் தருகிறேன்!"

"போங்கண்ணே. நனைத்து, பிழிந்து, காயவைத்து... நாலு நாளில் நடக்கிற காரியமா? துணி பளிச்சென்றுதானே இருக்கிறது?"

"பழந்துணி ஆச்சே. யார் உடுத்தியதோ!"

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் அழுக்கு" என்று சொல்லிவிட்டுத் தையலி வேலையைத் தொடங்கினாள். அலசன் முகம் தொங்கிப் போனது. ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கழுவிக்கொண்டு முழுகிவிட்டான்.

தையலிக்குக் கண் ரொம்பக் கூர்மை. எந்தச் சிவப்போடு எந்த மஞ்சள் சேரும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் அவள் மூக்கு தைக்க உதவுமே தவிர, மோந்து பார்க்க உதவாது.

பாதிப் போர்வை வளர்ந்த சமயத்தில் வாலப்பன் வந்தான். வாலப்பன் ஒரு நரி. பேச்சில் வெல்லம் ஒழுகும்.

"அடடா, தையலி! இது தையலா, இல்லை வானவில்லைத் தரையில் விரித்திருக்கிறாயா?"

தையலி நாலு கிளை மேலே தாவினாள். "அங்கேயே நில்லுங்கள் வாலப்பரே."

"உன்னைத் தின்று என்ன செய்வேன் தாயி? பல் குத்தக்கூடக் காணாது. போர்வையைப் பார்க்கத்தான் வந்தேன். யாருக்கு?"

"குளிருகிற யாருக்கோ."

"நல்ல காரியம்." வாலப்பன் அளவைக் கண்ணால் அளந்தான். நாலு காலை மடக்கிப் படுக்கிற சின்ன உடம்புக்குச் சரியாக இருந்தது. வாயில் ஊறியதை விழுங்கிக்கொண்டான். "ஒன்று சொல்கிறேன். அந்த நீர்நாய் பேச்சைக் கேட்டு நனைத்து வைக்காதே. இவ்வளவு அழகு தண்ணீரோடு போய்விடும். பனி வேறு வருகிறது. அப்படியே தை. அப்படியே போர்த்து!"

தன்னைப் போலவே நினைக்கிறவர் ஒருவர் கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? தையலி இரண்டு கிளை கீழே இறங்கிவிட்டாள்.

மறுநாள் காலையிலும் வாலப்பன் வந்தான். தையலி போர்வையை மரக்கிளையில் விரித்துப் போட்டுக் காட்டினாள். அவன் வெகு தள்ளி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சொகுசாகக் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆகா! அந்தச் சேலைக்காரி தலையில் மல்லிகை வைத்திருந்தாள். பக்கத்தில் இருக்கிற துண்டில் சுக்குக் காப்பி சிந்தியிருக்கிறது. அந்த வேட்டி... கற்பூரம், கொஞ்சம் வியர்வை. ஓரத்தில் இருக்கிற கோடு போட்ட துண்டு இருக்கிறதே, அடடா, அதில் கருவாடு முடிந்து வந்திருக்கிறார்கள்!"

"கண்ணை மூடிக்கொண்டு எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றாள் தையலி.

வாலப்பன் சட்டென்று கண்ணைத் திறந்தான். "அது... அனுபவம், தாயி. வரட்டுமா? வேலை இருக்கிறது" என்று எழுந்தவன், போகும்போது மூக்கை ஒருதரம் நக்கிக்கொண்டான்.

அவன் நக்கிக்கொண்டதைப் பார்த்ததும் தையலிக்குச் சுருக்கென்றது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இவ்வளவு சொல்கிறானே! வாசனையே இல்லாத குட்டிமேல் இதைப் போர்த்தினால் என்ன ஆகும்? 'இங்கே படுத்திருக்கிறேன், வா' என்று குட்டியே கூப்பிட்டது மாதிரி ஆகாதா?

"அலசண்ணே!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். "அலசண்ணே, ஓடி வாங்க!"

அலசன் வந்தான். "தைத்தபடியே முக்கிவிடலாம், தங்கச்சி" என்றான். போர்வையின் ஒரு மூலையைத்தான் முக்கினார்கள். சிவப்பு ஓடி வெள்ளையில் ஏறியது. வேட்டி அப்படியே இருந்தது, சேலை சுருங்கியது. நடுவில் போட்ட தையல் பொரித்த அப்பளம் மாதிரி மேடும் பள்ளமுமாக நெளிந்தது.

வேறு வழியில்லை. தைத்ததை எல்லாம் பிரிக்க வேண்டும். தையல்காரிக்குத் தன் தையலைப் பிரிப்பது தன் இறகைத் தானே பிடுங்குவது மாதிரி. தையலி பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள். சிட்டுக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

சேலையும் வேட்டியும் அலசன் கையில் போய், பாறையில் நாலு அடி வாங்கி, சுத்தமாகத் திரும்பி வந்தன. உற்சாகம் தாங்காமல் அலசன், வெட்டுத்துண்டுகளில் பாதியை அள்ளிக்கொண்டு போய் அருவி விழுகிற இடத்தில் கொட்டினான். சுழற்றினான், கசக்கினான், பிழிந்தான். வரும்போது கையில் ஒரு பந்து இருந்தது. நூலும் பிசிறும் சிக்கிய பந்து.

"எவ்வளவு சுத்தம், பார் தங்கச்சி!"

"சுத்தம்தான் அண்ணே. துணியைத்தான் காணோம்."

அலசன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெரிய சேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே! அதே தண்ணீர்தானே?"

"தண்ணீர் அதே தண்ணீர்தான். சேலைக்கு ஓரத்தில் கெட்டிக் கரை இருக்கிறது, அடி தாங்கும். இதுக்கு நாலு பக்கமும் வெட்டிய ஓரம். இழுத்த பக்கமெல்லாம் இழை வருகிறது."

இரண்டாம் நாள் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் பாதித் துண்டுகள்தான் இருந்தன. கழுவினால் இழை பிரியும். கழுவாவிட்டால், கோடு போட்ட துண்டோடு சேர்ந்து கிடந்ததில் ஒட்டிக்கொண்ட கருவாட்டு வாடை போகாது. தையலிக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் ஆற்றோரத்து ஈச்சமரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒன்று அவள் கண்ணில் பட்டது. போன வருஷம் தூக்கணாங்குருவி விட்டுப் போன கூடு. சல்லடை மாதிரி நெய்தது, சின்ன வாய்.

கூட்டைக் கொத்திக் கீழே இறக்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக அதற்குள் வைத்தாள். சிவப்பை மட்டும் வெளியே எடுத்தாள். ஈரம் தொட்டு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தாள். சாயம் விட்டதைத் தனியாக ஒதுக்கினாள்.

"அண்ணே, கூட்டைப் பிடியுங்கள். அருவிப் பக்கம் போகாதீர்கள். தேங்கின தண்ணீரில் முக்குங்கள், தூக்குங்கள். அவ்வளவுதான்."

"ஒரே ஒரு கசக்கு?"

"கூடாது."

"லேசாக ஒரு பிழி?"

"அண்ணே!"

அலசன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சிரமப்பட்டு எதையும் கழுவியதில்லை. முக்கினான், தூக்கினான், முக்கினான், தூக்கினான். கை துறுதுறுத்தபோதெல்லாம் வாலைக் கசக்கிக்கொண்டான். மாலை வெயில் பட்ட பாறையில் துண்டுகளைப் பிழியாமல் பரத்தினார்கள். ஒரு இழைகூடப் பிரியவில்லை. சில துண்டுகள் மட்டும் எறும்பு அகலம் சுருங்கியிருந்தன. தையலி எல்லாவற்றையும் மறுபடி அளந்து, பெரியதைச் சின்னதுக்குச் சரியாக மடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் மூக்கு ஓயவில்லை. பாதித் துண்டுகள் போய்விட்டதால் நடுவில் பூ, சுற்றிலும் சேலை என்று வைத்துத் தைத்தாள். அலசனின் நூல்பந்தையும் எறியவில்லை. பிரித்து, இலவம்பஞ்சோடு சேர்த்து உள்ளே திணித்தாள். போர்வை மெத்தென்று வந்தது.

கருவாடு முடிந்து வந்த கோடு போட்ட துண்டை மட்டும் அவள் நனைக்கவே இல்லை.

"அதை ஏன் விட்டாய்? கொடு!" என்று அலசன் கையை நீட்டினான்.

"இதுக்கு வேறு வேலை இருக்கிறது அண்ணே."

நாலாம் நாள் பொழுது சாயும் முன்பே மான்குட்டிமேல் போர்வை விழுந்தது. அதே நேரம் மேட்டுப் புதரில், ஒரு பொந்தின் வாசலில் அந்தக் கோடு போட்ட துண்டு தொங்கியது. அது முள்ளம்பன்றி குடியிருக்கிற பொந்து. யார் எழுப்பினாலும் முள்ளம்பன்றி முதலில் முதுகைக் காட்டும், பிறகுதான் "யாரது?" என்று கேட்கும்.

அந்தியில் வாலப்பன் புறப்பட்டான். மூக்கைத் தூக்கினான். மேட்டுப் பக்கமிருந்து கருவாடு மணந்தது. "அதோ போர்வை!" என்று பாய்ந்தான். பொந்து வாசலில் தொங்கிய துணியைப் பார்த்தான். "ஓரம் வெளியே தெரிகிறது, குட்டி உள்ளேதான்!" என்று தலையை நுழைத்து ஒரு இழு இழுத்தான்.

"யாரது?" என்ற குரல் கேட்டபோது, அவன் ஊளை மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

விடிந்தது. புல்லெல்லாம் வெள்ளை. போர்வைமேலும் வெள்ளை. வாலப்பன் நொண்டிக்கொண்டே அந்த வழியாக வந்தான். குட்டி கிடந்த புல்லுக்கு ஒரு முழம் தள்ளி நின்றான். மோந்தான். ஆற்றுத் தண்ணீர் மணம், பாறை மணம். அவ்வளவுதான். குட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாலப்பன் இன்னொரு அடி எடுத்து வைத்தான்.

"வாலப்பரே!" எதிர்ப்பக்க மரத்திலிருந்து தையலி குரல் கொடுத்தாள். "மூக்கில் என்ன அது, ஊசியா? அத்தனையும் உங்களுக்கு எதுக்கு? எனக்கு ரெண்டு கொடுங்களேன், தைக்க ஆகும்!"

வாலப்பனுக்கு மானம் போயிற்று. மூக்கில் குத்தியிருந்த முட்களோடு திரும்பி ஓடினவன், அந்த ஆற்றங்கரைப் பக்கம் அப்புறம் வரவே இல்லை.

வெயில் ஏறியதும் மருதாயி வந்தாள். சளி விட்டிருந்தது. போர்வைக்குள் குட்டி இளஞ்சூடாகக் கொட்டாவி விட்டது. மருதாயி போர்வையை இந்த ஓரம் மோந்தாள், அந்த ஓரம் மோந்தாள், நடுவில் இருந்த பூவையும் மோந்தாள்.

"அக்கா," என்றாள் ஆச்சரியமாக, "ஒரு வாசனையும் இல்லையே!"

தையலியை அதற்கு முன்பு அவ்வளவு பெரிதாக யாரும் பாராட்டியதில்லை.

நீதி: பிறர் உடுத்த துணியையும் பிறர் சொன்ன யோசனையையும் நனைத்துப் பார்க்காமல் தைத்துக்கொள்ளாதே, நனைக்கும்போது எது எவ்வளவு தாங்கும் என்று பார்த்து நனை.