ஹாலில் பேசும் ஆங்கிலம்

“எங்க வீட்ல எனக்குத் தெரியாம என்னமோ நடக்குது டீச்சர். எல்லாம் இங்கிலீஷ்லயே நடக்குது. அதான் உங்ககிட்ட வந்தேன்.”

வந்தவர் வைத்திலிங்கம். வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் மன்னார்குடி வீட்டைப் பூட்டிவிட்டு, நாவலூரில் மகன் குமரகுருவோடும் மருமகள் அபிராமியோடும் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறார்.

அவர் டீச்சர் என்று அழைத்த ஜெசிந்தாவுக்கு அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். அதே குடியிருப்பில் தரைத்தளத்தில், மாலை வேளைகளில் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கிறாள்.

“உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே சார்,” என்றாள்.

தெரியும்தான். சர்வீஸ் முழுக்க ஆங்கிலத்தில் குறிப்பு எழுதியவர். ‘வித் ரெஃபரன்ஸ் டு’ என்று ஆரம்பித்து ‘ஃபார் நெசசரி ஆக்‌ஷன்’ என்று முடிப்பார். நடுவில் எந்தத் தாசில்தாரும் பிழை கண்டுபிடித்ததில்லை.

பெரிய சொல் எதற்கும் அவர் மிரண்டதில்லை. சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்த்துவிட்டன. புட், கெட், டர்ன், பிரிங். அவற்றின் வாலில் ஒரு அப், ஒரு ஆஃப், ஒரு அவுட். தனித்தனியாகக் கேட்டால் எல்.கே.ஜி. பிள்ளை அர்த்தம் சொல்லும். சேர்த்துச் சொன்னால் ரிட்டயர்டு ஆர்.ஐ. முழிக்கிறார்.

தனக்குப் புரியக்கூடாது என்றேதான் அப்படிப் பேசுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. மனிதர் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர். வருமானச் சான்றிதழ் கேட்டு வருகிறவன் விரலில் மோதிரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். வேலையிலிருந்து அவர்தான் ஓய்வு பெற்றார், அந்தக் கண் பெறவில்லை.

“என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க?”

அவர் குரலைத் தாழ்த்தினார். அடுத்த பிளாக்கில் ஒரு பெரியவரை மகன் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டானாம். அதற்கு முன்னால் அந்த வீட்டிலும் ஒரே இங்கிலீஷ்தானாம்.

“அடுத்தது நான்தான்,” என்றார்.

ஜெசிந்தா ஆறுதல் சொல்லவில்லை. காதில் விழுந்தது என்ன என்று மட்டும் கேட்டாள்.

“மருமக போன்ல பேசிட்டிருந்தா. நான் ஹாலுக்குள்ள வந்ததும் ‘ஹாங் ஆன்’னா. தொங்கவிடுற அளவுக்கு நான் என்னம்மா பண்ணிட்டேன்?”

ஜெசிந்தா எழுந்தாள். “ஹாங் ஆன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றியது. உள்ளே பால் பொங்கும் வாசனை வந்தது. கிளம்பிவிடலாமா என்று யோசித்தார். கிளம்பவில்லை.

கையில் காபியோடு வந்தாள்.

“அர்த்தம் சொல்லாம போயிட்டீங்களே.”

“இவ்வளவு நேரம் நீங்க செஞ்சதுதான் சார்.”

காபி நன்றாகத்தான் இருந்தது. இந்தப் பெண்ணும் மருமகளும் லிஃப்டில் பார்த்தால் பேசிக்கொள்வார்களோ என்று யோசித்துக்கொண்டே குடித்தார்.

ஜெசிந்தா ஒரு நிபந்தனை போட்டாள். சொல்லை மட்டும் பிய்த்துக்கொண்டு வரக்கூடாது. முழு வாக்கியம் வேண்டும். அதைச் சொன்ன பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதும் வேண்டும்.

அவருக்கு இது பிடித்துப்போனது. விசாரணைதானே, பழகிய வேலை. அன்றிலிருந்து செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். பக்கம்தான் புரளவில்லை.

‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் துவரம்பருப்பு’ என்றாள் அபிராமி. அன்றைக்குப் பாசிப்பருப்பு சாம்பார்.

‘தி பிளம்பர் டிடின்ட் டர்ன் அப்’ என்றான் குமரகுரு. குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

‘டிராப் மீ ஆஃப் அட் தி பஸ் ஸ்டாப்’ என்றாள். பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

எல்லாவற்றையும் ஜெசிந்தாவிடம் வந்து ஒப்பித்தார். அவள் எதற்கும் அர்த்தம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, தேவைப்படவில்லை.

ஆனால் மனம் மட்டும் தெளியவில்லை.

“பருப்பு, பிளம்பர், பஸ் ஸ்டாப். இதுக்கா இங்கிலீஷ்? நான் கேக்கறேன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்காகவே பேசுறாங்க.”

“புரியாதப்ப சந்தேகப்பட்டீங்க சார். இப்ப புரியுதுன்னு சந்தேகப்படுறீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது. விருட்டென்று எழுந்து போனார். அதன்பின் சில நாட்கள் அந்தப் பக்கமே வரவில்லை. லிஃப்டில் எதிர்ப்பட்டபோதும் மேலே ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு ஒரு மாலை வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“நேத்து முழு வாக்கியமும் கேட்டுட்டேன்.”

குமரகுரு சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னார். ‘வீ கான்ட் கீப் புட்டிங் இட் ஆஃப். சம்படி ஹாஸ் டு பிரிங் இட் அப் வித் அப்பா.’

“அப்புறம் என்ன நடந்தது?”

ஒன்றும் நடக்கவில்லை என்றார். பிறகு, கதவு இடுக்கு வழியாகப் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். அபிராமி அழுதாள். இரண்டு பேரும் அவருடைய அறைக் கதவையே பார்த்தார்கள். குமரகுரு எழுந்து கதவு வரைக்கும் வந்தான். தட்டுவான் என்று இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார். அவன் தட்டவில்லை, திரும்பிப் போய்விட்டான்.

“சாப்பிடறப்ப, நான் கேக்காமலே மருமக நெய் ஊத்தி தோசை போட்டா,” என்றார். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது.



“எனக்கே தெரியுது டீச்சர். ஏதோ ஒரு விஷயம் இருக்கு. என்கிட்ட சொல்லணும். சொல்ல முடியாம தள்ளித் தள்ளிப் போடுறாங்க.”

“சரியா சொன்னீங்க சார்.”

அவள் அவரைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

“என்ன விஷயம் அது?”

“அது இங்கிலீஷ்ல இல்லை சார்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பயந்துபோயிருந்தார். எத்தனையோ பேரை எதிரே நிற்கவைத்துக் கேள்வி கேட்ட மனிதர், யாரோ தன்னைக் கேட்கப்போகிறார்கள் என்பதுபோல நின்றார்.

“எனக்கு ஒரு வாக்கியம் செஞ்சு குடும்மா. இங்கிலீஷ்ல. அவங்க பேசற மாதிரியே இருக்கணும். அப்பாவுக்கு எல்லாம் தெரியும்னு உறைக்கணும். அதைக் கேட்டதும் ரெண்டு பேரும் வாயடைச்சுப் போகணும்.”

“வாயடைச்சுப் போகணுமா, பதில் சொல்லணுமா?”

அவர் குனிந்து, கழற்றாத செருப்பைப் பார்த்தார்.

“குமரகுரு வீட்லதான இருக்கார்? தமிழ்லயே கேளுங்க. ‘என்னப்பா விஷயம்’னு.”

“தமிழ்ல கேட்டா பதில் சொல்லிடுவானே,” என்றார் வைத்திலிங்கம்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.