தாழையூருக்குக் கொடுத்த வாக்கு

நெய்தல்நாடு என்றொரு மாநிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் சட்டமன்றத்தில் நூற்றொரு இடங்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை தொகுதிகளின் எல்லையைப் புதிதாக வரைய வேண்டும். வரைவது அந்தச் சட்டமன்றமேதான். எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ, அந்தக் கட்சியின் கையில் பென்சில்.

சென்ற முறை பென்சில் பிடித்தவர் அப்போது ஆண்ட கட்சியின் தலைவர் உருத்திரமூர்த்தி. கடலோரத்து உப்பளத் தொழிலாளர்களின் ஊரான தாழையூர் தன் கட்சிக்கு ஓட்டுப் போடாது என்று அவருக்குத் தெரியும். ஊரை மூன்றாக வெட்டி, அக்கம்பக்கத்து மூன்று தொகுதிகளோடு ஒட்டிவிட்டார். அதன்பின் எந்தத் தொகுதியிலும் உப்பளத்துக்காரர்களின் ஓட்டு எடுபடவில்லை. குடிநீர்த் தொட்டி ஒரு தொகுதியில், அதன் குழாய் இன்னொன்றில். மனு கொடுக்கப் போனால் மூன்று உறுப்பினர்களும் 'அது என் எல்லை இல்லை' என்று கைவிரித்தார்கள். நாள் முழுக்க உப்புநீரில் நின்றவர்கள் நல்ல தண்ணீருக்கு நான்கு கிலோமீட்டர் நடந்தார்கள்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர் ஜெபக்கனி. வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றார். வெட்டுப்பட்ட துண்டுகளில் ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும்விட்டார். அவர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: தாழையூரை மறுபடி ஒரே தொகுதி ஆக்குவேன். உப்பளத்துச் சவேரியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இத மட்டும் செஞ்சு குடுத்துரு தாயி. வேற எதுவும் கேக்க மாட்டோம்" என்றாள்.

இந்த முறை ஜெபக்கனியின் கட்சிக்கு ஐம்பத்தொரு இடம், உருத்திரமூர்த்தியின் கட்சிக்கு ஐம்பது. முதல்வரான மாசிலாமணியும் தாழையூர் மேடையில் அதே வாக்கைக் கொடுத்தவர்தான். மறக்கவில்லை. ஜெபக்கனியைக் கூப்பிட்டுப் புதிய வரைபடத்தை மேசையில் விரித்தார். தாழையூர் முழுசாக இருந்தது. ஜெபக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகுதான் மேற்குப் பக்கம் பார்த்தார். தேயிலைத் தொழிலாளர்களின் ஏலமலை நான்கு துண்டாகக் கிடந்தது.

"இது ஏன் அண்ணே?"

"அது உருத்திரமூர்த்தியோட கோட்டை, தங்கச்சி. நமக்கு அவன் செஞ்சத நாம அவனுக்குச் செய்யறோம்."

"தாழையூரை மட்டும் சேத்துட்டு, ஏலமலைய விட்றலாமே?"

"விட்டா அடுத்த தேர்தல்ல நாம ஆட்சியில இருக்க மாட்டோம். மசோதா ஒண்ணுதான். எடுத்தா முழுசா எடு."

மசோதா தோற்றால் பழைய எல்லையே இன்னும் பத்தாண்டு நீடிக்கும். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் ஜெபக்கனியின் பதவி பறிபோகும். இரண்டும் அவருக்குத் தெரியும்.

மறுநாளே பஸ் பிடித்து ஏலமலைக்குப் போனார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கனகவல்லி என்பவளிடம் விஷயத்தைச் சொன்னார். கனகவல்லி கூடையை இறக்கி வைத்தாள்.

"உங்க ஊர வெட்டினாங்களே, அப்புறம் என்னங்க ஆச்சு?"

ஜெபக்கனி தண்ணீர்த் தொட்டியின் கதையைச் சொன்னார். கனகவல்லி முழுசாகக் கேட்டுவிட்டுக் கூடையை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டாள்.

வாக்கெடுப்பு நாளன்று சட்டமன்ற வாசலில் உருத்திரமூர்த்தி வணக்கம் வைத்தார். "ஏலமலையைக் காப்பாத்துவேன்னு என் மக்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். நியாயத்தின் பக்கம் நில்லுங்கம்மா."

"தாழையூரை வெட்டின அன்னைக்கு இந்த நியாயம் எங்க இருந்துச்சு ஐயா?"

அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். ஐம்பது கைகள். ஜெபக்கனி கையை மடியிலேயே வைத்திருந்தார். எதிர்ப்பவர்கள் என்றதும் எழுந்து நின்றே கை தூக்கினார். மசோதா தோற்றது. அந்த வாரமே பதவி போயிற்று.

தாழையூருக்கு அவர் ஒளிந்து போகவில்லை. பட்டப்பகலில் உப்பளத்துக்கே போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சவேரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஊரு பேரு தெரியாத சனத்துக்காக எங்கள வித்துட்டியே தாயி!"

ஆக, மாசிலாமணி தாழையூருக்குக் கொடுத்த வாக்கை நிறைவேற்ற மசோதா கொண்டுவந்தார். உருத்திரமூர்த்தி ஏலமலைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். சொன்ன சொல் தவறியவர் ஜெபக்கனி ஒருவர்தான். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சொல் தவறிய ஜெபக்கனி செய்ததே சரி. தன் ஊருக்கு வாக்குக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு. அதற்காக இன்னொரு ஊரை வெட்டக் கொடுக்க உரிமை கிடையாது. மாசிலாமணி வாக்கைச் சாக்காக வைத்து ஆட்சியைக் காப்பாற்றப் பார்த்தார். உருத்திரமூர்த்தியின் கை அன்று ஜெபக்கனியின் கையோடு சேர்ந்து உயர்ந்ததே தவிர, பென்சில் திரும்பக் கிடைத்தால் தாழையூரை மறுபடி வெட்டும் கை அது. சவேரியம்மாளின் கோபமும் பொய்யில்லை. அதனால்தான் ஜெபக்கனி வீட்டில் உட்காரவில்லை. எல்லை வரையும் வேலையை எந்தக் கட்சியிடமும் விடக்கூடாது என்றொரு மனு எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கினார். ஏலமலையில் முதல் கையெழுத்து கனகவல்லியுடையது. தாழையூரில் சவேரியம்மாள் ஏழு முறை கதவைச் சாத்தினாள். எட்டாம் முறையும் ஜெபக்கனி தட்டினார்.