ரெஜினாள் செய்த புல்லர்

“எட்டுக் கடை ஏறி இறங்கிட்டேன், மேஸ்திரி. இந்த எஞ்சினத் திறக்க டூலே கிடையாதுங்காங்க.”

ரெஜினாள் பட்டறை வாசலில் நின்றாள்.

கஸ்பார் லேத்தை நிறுத்தினான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். அந்தக் கரையில் படகு எஞ்சின் படுத்துவிட்டால் எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள்.

“ஓட்டவாக்கா, விக்கவா?”

“தெரிஞ்சுக்க.”

“என்னத்த?”

“ஏன் நின்னுச்சின்னு.”

கஸ்பார் கையைத் துணியில் துடைத்தான்.

ஆனி மாதம் அவள் புருஷன் எஸ்தாக்கி தனியாக வள்ளத்தில் போனான். மறுநாள் வள்ளம் மட்டும் மணல்திட்டில் கவிழ்ந்து கிடந்தது. எஞ்சின் நின்றிருக்கும், பார்க்கத் தண்ணீரில் இறங்கியிருப்பான், நீரோட்டம் இழுத்திருக்கும் என்று ஊரில் சொன்னார்கள். அவள் தாண்டிப் போனதும் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள்.

எஞ்சினை நான்கு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்து அவள் முற்றத்தில் இறக்கினார்கள். கழன்றதையெல்லாம் அவளே கழற்றிவிட்டாள். பிளைவீல் என்ற கனத்த சக்கரம் மட்டும் உப்பில் இறுகிப்போய் அசையவில்லை. அது வந்தால்தான் பின்னால் இருக்கும் மூடி வரும்.

“அதுக்குன்னு தனியா ஒரு புல்லர் உண்டாம். அந்தக் கம்பெனியே மூடியாச்சாம்.”

“புல்லர்னா என்னக்கா?”

“இழுக்கது.”

“அவ்வளவுதான். செஞ்சுக்கிடலாம்.”

“எப்ப தருவீங்க?”

“நான் தரமாட்டேன். நீங்கதான் செய்யணும்.”

“நீங்க செஞ்சா எத்தன நாளு?”

“அரை நாள்.”

“நான் செஞ்சா?”

“ரெண்டு மாசம் ஆகும்.”

“பிறகு ஏன்?”

கஸ்பார் லேத்தை ஓடவிட்டான்.

மறுநாள் ஒரு காகிதத்தோடு வந்தாள். பிளைவீல் மேல் வைத்து அடுப்புக்கரியால் தேய்த்திருந்தாள். இரண்டு ஓட்டைகளும் நடுவில் தண்டின் முனையும் அதில் விழுந்திருந்தன.

கஸ்பார் அதைச் சுவரில் ஒட்டினான். ஒரு டப்பா நிறையப் பழைய போல்ட்டுகளைக் கொடுத்தான்.

“எது தடையில்லாம ஏறுதோ, அது.”

வீட்டில் ஒவ்வொன்றாகப் பிளைவீல் ஓட்டையில் திருகிப் பார்த்தாள். பதினோராவது போல்ட் ஏறியது.

பட்டறையில் உட்கார்ந்து இரும்புத் தகட்டில் ஓட்டை போட மூன்று நாள் ஆனது. இரண்டு ஓரப் போல்ட்டுகளால் அதைப் பிளைவீலில் மாட்டி, தண்டின் முனையை அழுத்தும் நடு போல்ட்டை இறுக்கினாள். பிளைவீல் அசையவில்லை. தகடு வளைந்தது.

அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டாள்.

“மெலிசு,” என்றான் கஸ்பார்.

இரண்டாவது தகடு தடித்தது. அது வளையவில்லை. நடு போல்ட்டின் மரை அறுந்து, ஸ்பேனர் வழுக்கி, அவள் விரல் முட்டியில் தோல் உரிந்தது.

“ஆண்டவருக்கே இஷ்டமில்ல போல.”

“போல்ட்டு சரியில்ல.”

அவள் பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஆனிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

கஸ்பார் தேநீர் வாங்கி வைத்தான். ஆறுதல் சொல்லவில்லை. தேநீரில் ஆடை படிந்த பிறகு பேசினான்.

“விட்டுருங்கக்கா.”

“மாட்டேன்.”

“உள்ள இருக்கது உங்களுக்குப் பிடிக்கலன்னா?”

“இப்ப மட்டும் பிடிச்சா இருக்கு?”

அவன் எழுந்து போய் லாரியில் கழற்றிய போல்ட் ஒன்றைத் தேடி எடுத்து வந்தான்.

“இறுக்குங்க. போல்ட்டு தலையில ஒரு அடி. மறுபடி இறுக்குங்க. பிறகு அத அப்படியே விட்டுட்டுப் போயி சோறாக்குங்க.”

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது முற்றத்தில் வேட்டு போட்டதுபோல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள்.

பிளைவீல் கழன்றிருந்தது.

கஸ்பார் அன்றுதான் முதல்முறையாக அவள் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, தார்ப்பாயில் வைத்தான்.

“பேரிங் நல்லாருக்கு. இந்தத் துரு பிறகு வந்தது.”

“ம்.”

“பிஸ்டன்ல சிராய்ப்பு இல்ல. நல்லாருக்கு.”

“ம்.”

“டீசல் வந்த வழியில அடைப்பு இல்ல.”

நல்லாருக்கு என்று அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் இருண்டது.

கடைசியில் மூடிக்குப் பின்னால் இருந்த டீசல் பம்ப். எஞ்சினை நிறுத்த இழுக்கும் கம்பி வெளியே உப்பு அரித்து அறுந்துபோயிருந்தது. உள்ளே அது பிடித்து இழுக்கும் சின்னத் தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கித் துருவேறி நின்றிருந்தது.

கஸ்பார் அதை வெகுநேரம் பார்த்தான். கீழே வைத்தான்.

“இது எந்தப் பக்கம் நிக்கி?”

அவன் வேறு எதையோ துடைத்தான்.

“சொல்லுங்க, மேஸ்திரி.”

“நிறுத்துத பக்கம்.”

“தானா போகுமா?”

“கையால இழுத்தாத்தான் போகும்.”

துடைத்ததை வைத்துவிட்டு அவனே சொன்னான். “வலை சிக்கினாலும் நிறுத்துவாங்கக்கா.”

“அவரு அன்னைக்கு வலையே கொண்டு போகல.”

அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெயில் முற்றத்தைத் தாண்டிப் போனது. தார்ப்பாய் முழுக்கப் பாகங்கள். அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“அதுக்கு முன்ன மூணு மாசமா வாயே தொறக்கல அவரு. என்னன்னு நான் ஒரு வார்த்த கேக்கல.”

கஸ்பார் டீசல் பம்பை எடுத்து ஓரமாக வைத்தான்.

“இனி இத என்ன செய்ய?”

“மூடணும்.”

“எதுக்கு? யாரு ஓட்ட?”

அவன் பிஸ்டனை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அதன் வளையங்களைக் கட்டைவிரலால் அமுக்கினான். விட்டதும் அவை விரிந்துகொண்டன.

அவற்றைச் சுற்றி அமுக்கிப் பிடிக்க, பையிலிருந்து எண்ணெய் டின் தகரத்தையும் கத்தரியையும் எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“வெளிய வந்த மாதிரி இது உள்ள போகாதுக்கா. அதுக்கு வேற டூல் செய்யணும்.”