ஒரு குற்றத்துக்கு மூன்று பேர்

மிக்கேல்துறையில் கொஞ்ச நாளாக இருட்டிய பிறகு ஒரு சத்தம் கேட்டது. ஏதோ பறவை கத்துவதுபோலத் தொடங்கும். பாதியிலேயே கழுத்தை நெரித்ததுபோல அடங்கிவிடும். ஐஸ் ஆலைக்குப் பின்னால் பேய் இருக்கிறது என்று பிள்ளைகள் முடிவு கட்டினார்கள். பெல்சி என்பவள்தான் துணிந்து டார்ச்சோடு போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஜோவிட்டா கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, மணலில் நின்று விசில் ஊதிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீதானா அந்தப் பேய்? ராத்திரி விசிலடிச்சா பாம்பு வரும், தெரியும்லா?"

"வந்தா ஆஃப்சைடுன்னு திருப்பி அனுப்பிருதேன் மைனி. விசில் நடுங்கினா ஆடுத பிள்ளைக மதிக்காதுன்னு பயிற்சில சொன்னாவ."

ஜோவிட்டா கான்வென்ட் பள்ளி அணியில் பந்தாடியவள். பிள்ளை பெற்றபின் ஆட முடியவில்லை, ஆட்டத்தை விடவும் மனசில்லை. மாவட்டத்தில் நடந்த நடுவர் பயிற்சிக்குப் போய்த் தேர்வெழுதி, சிறுவர் ஆட்டங்களை நடத்தும் தகுதி வாங்கினாள். கணவன் கடலுக்குப் போயிருக்கிற வீட்டில், "கைப்பிள்ளைக்காரிக்கு என்னத்துக்கு விசில்?" என்று ஊர் கேட்டது. அந்தக் கேள்வி அவள் கூடவே மைதானம் வரை வந்தது.

அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆட்டம், பதின்மூன்று வயதுக்குட்பட்டோரின் இறுதிப் போட்டி. வெல்லும் அணியின் பிள்ளைகளை மட்டுமே விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அழைத்துப் போவார்கள். பெல்சியின் மகன் ரிஷோன் ஒரு அணிக்குக் கோல்கீப்பர். அடுத்த ஆண்டு அவனுக்கு வயது கடந்துவிடும். இதை விட்டால் வேறு வாய்ப்பு இல்லை.

கதையின் முடிவில் ஒரு கேள்வி வரும்; அதற்கு விடை தேடுகிறவர்கள் இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பவன் கையில் அறியாமல் பட்டாலும், பந்து அங்கிருந்து நேரே வலைக்குள் போனால் அது கோல் ஆகாது. நடுவர் தன் தீர்ப்பை மாற்ற விரும்பினால், ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் மாற்ற வேண்டும். தொடங்கிவிட்டால் மாற்ற முடியாது.

கோட்டோரம் கொடி பிடிக்கப் பயிற்சி பெற்றவர் யாரும் அன்று கிடைக்கவில்லை. ஐஸ் வண்டி ஓட்டும் தொபியாஸ் உதவிக்கு வந்தார். "அண்ணே, பந்து வெளிய போனா மட்டும் கொடியத் தூக்குங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ஜோவிட்டா. இப்படிச் சொல்லச் சொல்லித்தான் பயிற்சியிலும் கற்றுத்தருகிறார்கள். இதில் பிழையில்லை.

ஆட்டம் முடியப்போகிறது. இரு பக்கமும் கோல் இல்லை. கார்னரிலிருந்து பந்து உயரே வந்தது. அந்த நேரம் பார்த்து மைதானத்தின் ஓரத்தில் ஜோவிட்டாவின் குழந்தை வீறிட்டது. எத்தனை பிள்ளைகள் சேர்ந்து அழுதாலும் தன் பிள்ளையின் குரலைப் பெற்றவளின் காது பிரித்தெடுத்துவிடும். அவள் முகம் தானாகத் திரும்பியது. குழந்தைக்கு ஒன்றுமில்லை, நாத்தனார் இடுப்பில் பத்திரமாகத்தான் இருந்தது. அவள் மறுபடி திரும்பியபோது பந்து வலைக்குள் கிடந்தது.

பந்தை அடித்த எதிரணிக் கிளாட்சனைத் தோழர்கள் தூக்கிச் சுற்றினார்கள். அவன் முகத்தில் சிரிப்பில்லை. ரிஷோன் தன் முழங்கையைத் தட்டிக்கொண்டே ஓடிவந்தான். "அக்கா, கை! கையில பட்டுச்சு அக்கா!" தொபியாஸ் கொடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டமும் அவளையே பார்த்தது.

ஜோவிட்டா கோல் என்று நடுவட்டத்தைக் காட்டினாள்.

ரிஷோன் பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றான். அவன் அணித்தலைவனே கெஞ்சி வாங்கி, நடந்துபோய் நடுவில் வைத்தான். ஜோவிட்டா விசில் ஊதினாள். அது துளியும் நடுங்கவில்லை. பந்து உருண்ட பிறகு கிளாட்சன் அவளிடம் ஓடிவந்தான்.

"அக்கா, என் கையில பட்டுத்தான் போச்சு. தெரியாமப் பட்டுட்டு."

இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. அந்த ஒரு கோலிலேயே ஆட்டம் முடிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெல்சி வீட்டு வாசலுக்கு மூவரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவள் பாதிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ரிஷோன் தலை வரைக்கும் போர்த்திப் படுத்திருந்தான்.

"தப்பு என்னோடது அத்தை" என்றான் கிளாட்சன். "எனக்கு அப்பமே தெரியும். எல்லாரும் தூக்கினானுவ, வாய் வரல."

"அவன் சின்னப் பய" என்றார் தொபியாஸ். "நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அவ கேட்டா சொல்லலாம்னு மரமாட்டம் நின்னுட்டேன். தப்பு என்னோடது."

"இல்ல மைனி, என்னோடது" என்றாள் ஜோவிட்டா. "பிள்ளை அழுதுச்சு. திரும்பிட்டேன்."

"பாவசங்கீர்த்தனத்துக்கா வரிசையில நிக்கிய? பாவமன்னிப்பு குடுக்க இங்க சாமியார் இல்ல" என்றாள் பெல்சி. "ஒரு தப்புக்கு மூணு பேர் வந்தா நான் யாரை ஏச? உள்ள கிடக்கவன்கிட்ட யார் பேரைச் சொல்ல?"

வாசகர்களே, நீங்கள் சொல்லுங்கள். மூவரில் குற்றம் யாருடையது? அது எந்த இடத்தில் குற்றமானது?

விடை: கிளாட்சன் சிறுவன். தன்மீது தானே குற்றம் சொல்ல எந்த விதியும் அவனைக் கட்டவில்லை. இருந்தும் சொன்னான், ஒரு உதை பிந்திவிட்டது. தொபியாஸ் தனக்குச் சொன்னதைச் செய்தார். குற்றம் ஜோவிட்டாவுடையதுதான். ஆனால் அவள் சொன்ன இடத்தில் அது இல்லை. பிள்ளை அழுதால் தாய் திரும்புவாள். பந்து வலையிலிருந்து நடுவட்டத்துக்கு நடந்து வந்த நேரம் முழுவதும் அவளுக்கு இருந்தது. கொடி பிடித்தவரிடம் போய், "நான் பாக்கல, நீங்க பாத்தியளா?" என்று கேட்டிருக்கலாம். அதைக் கேட்டால் ஊர் சிரிக்கும் என்று பயந்து, பார்க்காததைப் பார்த்தவள்போல ஊதினாளே, அங்கேதான் குற்றம். பெல்சிக்கு அது விளங்கிவிட்டது. கிளாட்சனை உள்ளே கூப்பிட்டு மகன் பக்கத்தில் உட்காரவைத்தாள். தொபியாஸைச் சாப்பிடப் போகச் சொன்னாள். ஜோவிட்டாவிடம், "தப்பைப் பச்சப்பிள்ளை மேல போடாதட்டி" என்று மட்டும் சொன்னாள். "மைனி, நான் கேட்டிருக்கணும்" என்று அவள் வாயெடுப்பதற்குள் மீதிக் கதவும் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.